ஒன்றரை மணிப் புகை

போன மாதம் அல்சூர் ஏரிப் பக்கம் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். சிக்னலில் நின்றபோது ஓட்டுநர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். பெங்களூர் வரைபடம், பாதிக்கு மேல் சிவப்பு. "இன்னைக்கு ஏர் ரொம்ப கராப் மேடம். நான் சொல்லலை, சாட்டிலைட்டே சொல்லுது" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவர் மேல் இல்லை, அவர் சொன்ன அந்த வாக்கியத்தின் மேல். சாட்டிலைட் எதையும் சொல்லாது, மனிதர்கள்தான் சொல்வார்கள் என்று ஆரம்பித்து லிங்கராஜபுரத்தில் என் வீட்டு வாசல் வரை பேசிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது நீங்கள் டீச்சரா என்று கேட்டார்.

டீச்சர் இல்லை. செயற்கைக்கோள் தரும் அளவுகளை வைத்து, எந்த இடத்திலிருந்து எவ்வளவு நச்சுப் புகை காற்றில் கலக்கிறது என்று கணக்கிடுவதுதான் என் வேலையாக இருந்தது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். இப்போது அந்தப் பிரிவில் இருக்கிற பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்களாம், நானும் எழுத வேண்டுமாம். கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு வரைபடமும் வரைந்து கொடுத்துவிடுகிறதே, நீங்களெல்லாம் அந்தக் காலத்தில் என்னதான் செய்தீர்கள் என்று ஒரு பெண் போனில் கேட்டாள். குறும்பாகக் கேட்டாளா, நிஜமாகவே தெரியாமல் கேட்டாளா என்று புரியவில்லை. எப்படியானாலும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளத்தான் போகிறேன், பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

படிப்பையும் பயிற்சியையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பௌதிகம் படித்தேன். ஆங்கிலோ இந்தியர்களும் தமிழர்களுமாக இருந்த கன்டோன்மென்ட் பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாக வந்தவள் என்கிற திமிரோடு வேலைக்குப் போனேன். முதல் சில வருடங்கள் வானிலை பலூன் தந்த அளவுகளைச் சரிபார்க்க வைத்தார்கள், திமிர் தானாக இறங்கியது. பிறகு வெளிநாட்டில் ஒரு பயிற்சி, குளிர், உப்பில்லாத சாப்பாடு. திரும்பி வந்ததும் காற்று மாசுப் பிரிவில் போட்டார்கள். அப்போதிருந்த செயற்கைக்கோளுக்குப் பெங்களூர் என்றால் மொத்தமாக ஒரே ஒரு கட்டம். ஊர் நடுவிலுள்ள மெஜஸ்டிக்கும் ஊர்க்கோடியிலுள்ள ஒயிட்ஃபீல்டும் ஒரே நிறம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று கேட்டவர்கள் உண்டு. பொறுமையாகச் செய்தோம். கட்டங்கள் வருடத்துக்கு வருடம் சிறுத்தன. ஒரு தொழிற்பேட்டையைத் தனியாகப் பார்க்கக்கூடிய நாளும் வந்தது.

இந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. செயற்கைக்கோள் புகையைப் பார்ப்பதில்லை. தரையில் பட்டுத் திரும்பி வரும் வெயிலைத்தான் பார்க்கிறது. வண்டிகளும் உலைகளும் ஜெனரேட்டர்களும் வெளியே விடுகிற நைட்ரஜன் டைஆக்சைடு என்கிற வாயு, அந்த வெயிலின் நீலப் பகுதியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். குறைந்துபோன ஒளியை வைத்து, அந்த இடத்துக்கு மேலே காற்றில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் இருப்பது வேறு, வருவது வேறு. வீட்டு சம்ப் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு, குழாயில் எவ்வளவு வேகமாக வருகிறது என்று சொல்ல முடியுமா? மோட்டார் எவ்வளவு இறைக்கிறது, எங்கே கசிகிறது என்பதும் தெரிந்தால்தான் சொல்ல முடியும். காற்று வாயுவை அடித்துக்கொண்டு போகும். வெயில் அதைச் சிதைக்கும். இரண்டையும் கணக்கில் கொண்டுவருவதுதான் எங்கள் பிழைப்பு.

என் மேலதிகாரி சுமங்கலா மேடம். தார்வாடு பக்கத்துக்காரர். எங்களோடு கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றையும் கலந்தே பேசுவார். ஒல்லியான உருவம், மெதுவான குரல், ஆனால் அவர் அறைக்குள் போவதற்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுத்தான் போவோம். அவர் பிரிவில் சிவப்பு வரைபடம் கூடாது. எல்லாமே சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். சிவப்பைப் பார்த்தால் மனிதனுக்குப் புத்தி நின்றுவிடுகிறது என்பது அவர் கட்சி. ஒரு தீபாவளிக்கு டி.வி.க்காரர் ஒருவர் வந்து, பட்டாசுப் புகையை வானத்திலிருந்து காட்டும் படம் வேண்டும், நல்ல சிவப்பாக வேண்டும் என்றார். செயற்கைக்கோள் பெங்களூரைக் கடப்பது பகல் ஒன்றரை மணிக்கு, நீங்கள் பட்டாசு வெடிப்பது ராத்திரி, இரண்டுக்கும் எப்படி முடிச்சுப் போடுவது என்று மேடம் கேட்டார். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். டி.வி.க்காரர் அதை எங்கேயும் போடவில்லை.

எங்கள் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பல வருடங்கள் என் கையில் பழகியது அது. முதலில் மேகம் மூடிய நாட்களைத் தள்ளுவோம். பெங்களூர் மழைக்காலத்தில் பெரும்பாலும் எல்லா நாளும் தள்ளுபடிதான். மிஞ்சிய ஒவ்வொரு நாளுக்கும் காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் வீசியது என்று எடுப்போம். பனிக்காலத்தில் கிழக்கிலிருந்து வரும், மழைக்கு முன்னால் மேற்கிலிருந்து திரும்பும். பிறகு ஒவ்வொரு நாளின் படத்தையும், சந்தேகப்படுகிற இடத்தை நடுவில் வைத்து, காற்று எப்போதும் இடமிருந்து வலமாக வீசுகிற மாதிரி சுழற்றுவோம். அப்படிச் சுழற்றிய படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால், நடுவிலிருந்து வலப்பக்கமாகப் புகையின் வால் ஒன்று நீளும். வால் எவ்வளவு தூரத்தில் மெலிகிறது என்பதிலிருந்து வாயு எத்தனை நேரம் தாங்குகிறது என்று தெரியும். அதிலிருந்து, எவ்வளவு வெளியே விடப்படுகிறது என்பதும் தெரியும்.

நான் வாலைப் பார்த்துப் பூரித்துப்போய் ஓடுவேன். மேடம் வாலைப் பார்க்கவே மாட்டார். "காத்து வர்ற சைடு ஃபர்ஸ்ட் காட்டு, ரோஸ்லின்" என்பார். இடப்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். அங்கேயும் கறை இருந்தால், நீ நடுவில் வைத்திருக்கிற ஆள் குற்றவாளி இல்லை, அல்லது அவன் மட்டும் குற்றவாளி இல்லை. இடப்பக்கத்தில் கறை இருந்ததற்காக எத்தனையோ முறை என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை, அதுதான் இன்னும் கஷ்டம்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. எந்தக் கணக்கை ஆரம்பிப்பதற்கு முன்னாலும், விடை என்னவாக வர வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாய் என்பதை முதல் வரியில் எழுத வேண்டும். ஒளிக்காமல், சொந்தக் காரணத்தோடு எழுத வேண்டும். எனக்கு ஆசை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பித் தருவார். "ஆசை இல்லாதவங்க சர்ச்சுக்கும் கோவிலுக்கும் போகட்டும், இங்க வேணாம்" என்பார். எங்களுக்குள் அதை ஆசை வரி என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டை விவகாரம் வந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

ஓசூர் ரோட்டில் அந்தத் தொழிற்பேட்டையின் ஒரு ஓரத்தில், இரும்புச் சாமான்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் சின்னச் சின்ன உலைக் கூடங்கள் வரிசையாக இருந்தன. சில மின்சாரத்தில் ஓடுபவை, சில எண்ணெயில். சுற்றிலும் குடியிருப்புகள் பெருகி, மூச்சு முட்டுகிறது என்று புகார்கள் போய், ஒரு கமிட்டி போட்டார்கள். ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம் செயற்கைக்கோள் அளவுகளை வைத்து அறிக்கை கொடுத்திருந்தது. படத்தில் அந்த இடம் ரத்தச் சிவப்பு. உலைகள் ஆண்டு முழுக்க இத்தனை டன் வாயுவை விடுகின்றன, எல்லாவற்றையும் மூடுவதே வழி என்று முடிவும் எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு கருத்து வேண்டும் என்று கமிட்டி எங்களிடம் அனுப்பியது.

மேடம் என்னைக் கூப்பிட்டு, இதை நீ செய் என்றார். நான் நின்றுகொண்டே, முடியாது மேடம் என்றேன். என் தங்கை மெர்சியின் வீட்டுக்காரர் ஆரோக்கியம் அந்த வரிசையில்தான் ஒரு கூடத்தில் உலை ஓட்டுகிறார். கூடம் மூடினால் அவர் வேலை போகும். மெர்சிக்கு வேறு வருமானம் கிடையாது, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

 மேடம் என் பக்கத்து மேஜை இம்தியாஸைக் கூப்பிடச் சொன்னார். இம்தியாஸ் எங்கள் பிரிவில் என்னைப் போலவே பழைய ஆள், சிவாஜிநகரில் வளர்ந்தவர். பிறகு வீடு கட்டிக்கொண்டு போனது அந்த உலைக் கூடங்களுக்குப் பின்னால் இருக்கிற லேஅவுட்டில். அவர் மகளுக்கு வீசிங். மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்து பம்ப் இல்லாமல் அந்தப் பெண் வெளியே போகாது. அந்த உலைகளை என்றைக்கு மூடுவார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் அவர் கேட்காத வாரம் இல்லை.

"நீ மூடக் கூடாதுன்னு ஆசைப்படறே. இவர் மூடணும்னு ஆசைப்படறார். ரெண்டு பேரும் தனித்தனியா பண்ணுங்க, ஒருத்தர் கணக்கை ஒருத்தர் பாக்கக் கூடாது. ரெண்டும் ஒரே இடத்துக்கு வந்தா நான் கையெழுத்துப் போடறேன். வரலைன்னா தெரியலைன்னு எழுதி அனுப்பறேன்" என்றார் மேடம். உறவுக்காரி நான் எப்படி இதில் இருப்பது என்று இழுத்தேன். ஆசையை மறைத்து வைத்திருப்பவன்தான் ஆபத்து, நீ சொல்லிவிட்டாய், போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்.

நானும் இம்தியாஸும் வழக்கம்போல ஒன்றாகவே சாப்பிட்டோம். பிரியாணி, கிரிக்கெட், மெட்ரோ கூட்டம் எல்லாம் பேசினோம். பொம்மசந்திராவைத் தவிர.

வீட்டில்தான் தாங்கவில்லை. மெர்சிக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல் என்றாள். சொல்லக் கூடாது என்றேன். கூடப் பிறந்தவளிடம்கூடவா என்றாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவள் வேறு நேரத்துப் பூசைக்குப் போக ஆரம்பித்தாள். எனக்கு அழுகையாக வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. ஆரோக்கியம் மட்டும் வழியில் பார்த்தால் நல்லா இருக்கீங்களா அக்கா என்பார், வேறு எதுவும் கேட்க மாட்டார்.

வேலை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. மேகத்தைத் தள்ளி, படங்களைச் சுழற்றி, அடுக்கினேன். வால் அழகாக நீண்டது. இடப்பக்கம் ஓசூர் ரோட்டு லாரிகளின் கறை இருந்தது, அதைத் தனியாகக் கழித்தேன். விடை, ஆலோசனை நிறுவனம் சொன்னதற்குக் கிட்டத்தட்டவே வந்தது.  அதை அப்படியே மேடத்திடம் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகப் பார்க்காமல் சராசரியைக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நாட்களைப் பிரித்துப் போட்டேன். அவை இரண்டு குவியலாக நின்றன. பெரும்பாலான நாட்களில் மிகக் குறைவு, சில நாட்களில் மிக அதிகம். சராசரி நின்ற இடத்தில் ஒரு நாள்கூட இல்லை.

உலை என்றால் தினமும் எரிவது. ஒரு நாள் பல மடங்கு எரிந்து மறுநாள் அடங்கிக் கிடக்குமா? காற்றுத் திசையை வைத்துப் பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை, குளிர், எதற்கும் அந்தக் குவியல்கள் மசியவில்லை. மனதுக்குள் இருக்கிற ஆசைதான் என்னை இல்லாததைத் தேட வைக்கிறதோ என்றுகூடத் தோன்றியது. சில நாட்கள் அந்தப் பக்கமே போகாமல் வேறு வேலை பார்த்தேன்.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். கரண்ட் போனது. பின்கட்டில் எங்கள் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்து, ஜன்னலுக்கு வெளியே ஒரு பந்து கரும்புகையைத் துப்பியது. யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் பொம்மசந்திரா பக்கம் புது மின்லைன் இழுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை நடக்கிற நாட்களில் காலை அலுவலக நேரத்துக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் கரண்ட் வரும். உலையில் பாதி வெந்த சரக்கை அப்படியே விட முடியாது. எல்லாக் கூடங்களும் ஒரே நேரத்தில் டீசல் ஜெனரேட்டரைப் போடும். சரியாக அந்த நடுப்பகலில்தான் செயற்கைக்கோள் மேலே வந்து பார்த்துவிட்டுப் போகும். அது பார்த்த ஒன்றரை மணியை இருபத்து நாலு மணி நேரத்துக்கும், முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் பெருக்கிவிட்டார்கள். இது எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தினமும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒரு வீட்டை எட்டிப் பார்ப்பவன், அவர்கள் எந்நேரமும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று சொல்கிற மாதிரி.

மேடத்திடம் ஓடினேன். மின்சாரக் கம்பெனியிடம் அந்தப் பகுதியின் மின்தடை நாட்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது கேட்டாச்சு ரோஸ்லின். போன வாரமே இம்தியாஸ் கேட்டுட்டார்" என்றார். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன், போ என்றார். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், நமக்கு முன்னாலே இம்தியாஸுக்குத் தோன்றிவிட்டதே என்ற பொறாமை ஒரு பக்கம். அவர் வீடு அங்கே, ஜெனரேட்டர் சத்தம் அவர் காதிலேயே விழுந்திருக்கும் என்று சொல்லி என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

மின்தடை நாட்களின் பட்டியல் வந்து சேர்ந்தது. அதிகப் புகைக் குவியலில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே மின்தடை நாட்கள். உலைகள் மட்டும் விடுகிற புகை குறைவான நாட்களின் குவியலில் இருந்தது. அது பூஜ்யம் இல்லை, ஆனால் சிவப்புப் படம் சொன்னதில் சிறு பங்குதான். எங்கள் இருவர் விடைகளையும் மேடம் தன் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

கமிட்டிக் கூட்டத்தில் மேடம் பேச எழுந்தபோது திரையில் வந்த முதல் பக்கத்தைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. என் ஆசை வரியும் இம்தியாஸின் ஆசை வரியும் பெரிய எழுத்தில் இருந்தன. என் தங்கை கணவர் அங்கே உலை ஓட்டுகிறார், மூட வேண்டாம் என்று விடை வர ஆசைப்படுகிறேன். என் மகளுக்கு மூச்சிரைப்பு, மூட வேண்டும் என்று வர ஆசைப்படுகிறேன். அறையில் சலசலப்பு. இதைத் தெரிந்துகொண்டு மேலே கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் என்னைப் பேசச் சொன்னார்.

ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்தவர் கெட்டிக்கார இளைஞர். என் சொந்தக்காரரைப் பற்றிக் கேட்க அவருக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. எங்கள் சராசரியும் உங்கள் சராசரியும் ஒன்றுதானே, பிறகு எதில் தகராறு என்றார். நியாயமான கேள்விதான்.

"தகராறு இல்லை சார். உங்க கணக்குல இருக்கிற அந்த சராசரி நிஜமா வந்த ஒரே ஒரு நாளைக் காட்டுங்க" என்றேன்.

அவர் மடிக்கணினியைத் திறந்தார். நாட்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் நிமிர்ந்து, இல்லை மேடம் என்றார். அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது. மழுப்பியிருக்கலாம், மழுப்பவில்லை.

உலைகளை மூடச் சொல்லும் உத்தரவு வரவில்லை. எண்ணெய் உலைகளின் புகைபோக்கிகளில் வடிகட்டி வைக்க வேண்டும், பழைய டீசல் ஜெனரேட்டர்களை எடுத்துவிட வேண்டும், லைன் வேலை நாட்களில் அந்தப் பகுதிக்கு மாற்று லைனில் மின்சாரம் தர வேண்டும் என்று உத்தரவு ஆனது. அடுத்த வருடப் படங்களை நானேதான் அடுக்கினேன். அதிகப் புகைக் குவியல் இல்லை. வானத்திலிருந்து வந்த அந்தச் சான்றைப் பார்த்தபோது எனக்கு இருந்த கர்வத்தை நான் மறைக்கப் போவதில்லை. இம்தியாஸ் தன் மகளை ஒரு நாள் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பம்ப் பையில் இருந்தது, ஆனால் அந்தப் பெண் மாடிப்படி ஏறித்தான் வந்தாள்.

உத்தரவு வந்த வாரம் மெர்சி சாப்பிடக் கூப்பிட்டாள். பன்றிக்கறி வறுவல், எனக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாகப் போட்டிருந்தாள். பரிமாறிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லு. ஃபர்னஸ்தான் காரணம்னு வந்திருந்தா, மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சாப்பாட்டு நேரம், சமாதானமான வேளை. "போட்டிருப்பேன்" என்றேன்.

மெர்சியின் முகம் மாறிவிட்டது. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். ஆரோக்கியம் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"எனக்குத் தெரியும்க்கா. நீங்க போட்டுடுவீங்கன்னு தெரிஞ்சுதான் ஓசூர்ல ஒரு கம்பெனிக்குப் போய் இன்டர்வியூவே குடுத்துட்டு வந்தேன். இவகிட்ட சொல்லலை."

மெர்சியின் கோபம் முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. என்னிடம் மறைத்தீர்களா என்று பிடித்துக்கொண்டாள். நான் கையைத் தட்டில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன், கண் நிறைந்து கறி தெரியவில்லை. ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போட்டார்கள், பெரியவர்கள் பேசினார்கள். யார் என்ன பேசினார்கள் என்று நினைவில்லை. மெர்சி வீட்டுச் சாப்பாட்டில் ஆரோக்கியம் சொன்னது மட்டும் ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது.